வெயில் பேசியது

ஏப்ரல் 3, வியாழன்

சர்க்கரை நன்றாக ஏறியிருக்கிறது. டாக்டர் நூர்ஜஹான் பரிசோதனைத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, வீங்கியிருந்த என் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"பொழுதன்னிக்கும் தையல் மெஷின்லயே உக்காந்திருந்தா இப்படித்தான் ஆகும் வசுமதி. இனிமே தினம் நடக்கணும்."

"இந்த வெயில்லயா டாக்டர்?"

கேட்ட பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. போன கோடையில் எங்கள் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியும். ஓடப் போன என் கணவர் வெயிலில் விழுந்தார். வீட்டுக்கு உயிரோடு வரவில்லை.

டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "சூரியன் வர்றதுக்கு முன்னாடி போங்க. முதல் ரெண்டு வாரம் ரொம்ப மெதுவா. இந்தச் சூட்டுக்கு உடம்பு பழகணும். தாகம் எடுக்கிற வரைக்கும் காத்திருக்காம தண்ணி குடிங்க. தலை சுத்தினாலோ, சம்பந்தமே இல்லாம குளிர்ற மாதிரி இருந்தாலோ அங்கேயே நிறுத்திடணும். யார்கிட்டயும் வீரம் காட்ட வேண்டாம்."

எப்போது நடந்தேன், உடம்பு எப்படி இருந்தது என்று எழுதிவைக்கச் சொன்னார். அதற்காகத்தான் இந்த நோட்டு. வேறெதுவும் எழுதுவதாக இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

நடக்கவில்லை. முகூர்த்தப் பிளவுஸ்கள் குவிந்து கிடக்கின்றன. கொக்கி வைத்தே கண் பூத்துவிட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று போனேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் விளையாட்டுத் திடல். கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. திருவானைக்காவலில் இந்த நேரத்துக்கு மட்டும்தான் காற்று என்று ஒன்று இருக்கிறது. மூன்று சுற்று. செருப்பு கடித்துக் கால் கட்டைவிரலில் கொப்புளம்.

இரண்டாவது சுற்றில் பின்னால் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு வருவது கேட்டது. வழிவிட ஒதுங்கினேன். யாரும் வரவில்லை. ஏதாவது நாயாக இருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை, என் மாமியார், தன் அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். அவர் தனக்குத் தனியாகச் சமைத்துக்கொள்கிறார். வயதானவர். என் கை உப்பு அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 10, வியாழன்

நான்கு சுற்று. கால் வீக்கம் பரவாயில்லை.

திடலில் ஓர் அம்மாள் தானாகவே வந்து சேர்ந்துகொண்டார். பெயர் பிலோமினா. பாலக்கரையிலிருந்து இங்கே குடிவந்திருக்கிறார், கணவர் வளைகுடாவில். ஒரே மகள் ஜாஸ்மினுக்கு ஜூன் மாதம் கல்யாணம்.

"நீ டெய்லராமே? எதிர்வீட்டுக்காரங்க சொன்னாங்க. பாரு வசு, கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளையோட அம்மா ஒல்லியா, நெட்டையா நிப்பாங்க. பக்கத்துல நான் தண்ணித்தொட்டி மாதிரி நிக்கணுமா? சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. என் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டார். இல்லை என்றேன். மேற்கொண்டு கேட்காமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்தச் சுற்றில் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி செய்தேன். அத்தையின் தட்டுக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் கிண்ணம் அப்படியே இருந்தது, எறும்பு ஏறியிருந்தது.

அத்தை தினமும் காலையில் என் கணவர் படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கிறார். பூ வைக்க மறந்தாலும் தண்ணீர் வைக்க மறப்பதில்லை. இந்த அனலில் சாயங்காலத்துக்குள் தண்ணீர் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. "குடிச்சிருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 19, சனி

நடைக்கென்று எனக்கு இரண்டு பருத்திக் குர்த்தா தைத்துக்கொண்டேன். தொளதொளவென்று, வெளிர் நிறத்தில், கை மட்டும் முழங்கை தாண்டி. காற்று உள்ளே போய் வருகிறது. வியர்வை சீக்கிரம் உலர்கிறது. இதையெல்லாம் போன வருஷம் ஒருவருக்குத் தைத்துக் கொடுத்திருக்கலாம். அவர் கடையில் வாங்கிய கறுப்பு பனியனைத்தான் போட்டுக்கொள்வார்.

பிலோக்கா இன்று ஒரு மழைக்கோட்டு மாதிரியான சட்டையில் வந்தார். உள்ளே முழுக்கப் பிளாஸ்டிக். நடக்கும்போது சரசரவென்று சத்தம். கைப்பக்கம் தூக்கினால் வியர்வை ஊற்றுகிறது.

"வேர்த்தாத்தான்டி கொழுப்பு கரையும். ஆன்லைன்ல வாங்கினேன்."

"கரையுறது கொழுப்பு இல்லக்கா. உடம்புத் தண்ணி. வேர்வை காயலன்னா சூடு எப்படிக்கா வெளிய போகும்?"

"நீ ஒரு பயந்தாங்கொள்ளி" என்று சொல்லி என் முதுகில் தட்டினார். நான் ஏன் பயப்படுகிறேன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

திடலில் கிரிக்கெட் போட்டி இருக்கும் என்று நினைத்துக் கொள்ளிடக் கரைப் பக்கம் நடந்தேன். போட்டி எதுவும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. விடிந்ததுமே அதில் கண் கூசியது. அந்தப் பழைய பஞ்சர் கடையின் தகரக் கொட்டகை இன்னும் இருக்கிறது. முன்னால் ஆடு ஒன்று படுத்திருந்தது. நான் நிற்கவில்லை. கொஞ்சம் நின்றேன்.

திரும்பும்போது மூச்சுச் சத்தம் பின்னாலேயே வந்தது, என் நடைக்குச் சரியாக. வேகமாக நடந்தால் வேகமாக, நின்றால் நின்று. அது என் மூச்சுதான் என்று வீட்டு வாசலில் வந்து சொல்லிக்கொண்டேன்.

இன்று தையலில் மனம் ஒட்டவில்லை. மெஷின் ஓடும்போது அதற்கு ஒரு பேச்சு இருக்கிறது. நெடுநாளாக அது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. இவ யாரு, இவ யாரு, இவ யாரு. நிறுத்தினால் நிற்கிறது.

மே 2, வெள்ளி

அவருடைய வருஷத் திதி. உறவுக்காரர்கள் வந்து போனார்கள். சமையல் ஆள் வைத்திருந்தோம். அவருடைய சித்தி கொல்லையில் கை கழுவிக்கொண்டே யாரிடமோ சொன்னது சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டது.

"உசுரு போற நேரத்துல யாராவது பொய் சொல்லுவாங்களா? என்ன நடந்துச்சோ அந்த வீட்டுல."

அத்தை அங்கேதான் நின்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மே 3, சனி

நேற்றிலிருந்து கை எழுத வேண்டும் என்கிறது. எழுதிவிடுகிறேன்.

அவர் பம்ப்செட் கடையில் மேலாளர். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஓட ஆரம்பித்தார். ஒரு குழுவில் சேர்ந்தார். பெரிய ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த ஓட்டம் வந்த பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கடையில் சரக்கு இறங்கியதால் அசந்து தூங்கிவிட்டார். குழுவினர் விடியலிலேயே ஓடிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு நாள் விட்டால் பழக்கம் விட்டுப்போகும் என்று, வெயில் நன்றாக ஏறிய பிறகு கிளம்பினார். வேண்டாம் என்றேன். "தொப்பி இருக்குல்ல" என்று சிரித்தார்.

அவருடைய போனிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். நானும் அத்தையும் ஆட்டோவில் போனோம். பஞ்சர் கடைக் கொட்டகையில், அந்தத் தகரத்தின் கீழே, அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். சுற்றிலும் கூட்டம். உடம்பு தொட்டால் சுட்டது. முகம் செக்கச்சிவப்பு. ஒரு சொட்டு வியர்வை இல்லை. தலையில் ஊற்றலாம் என்று பாட்டிலைத் திறந்துகொண்டு குனிந்தேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தெளிவான குரலில் கேட்டார்: "இவ யாரு?"

நான் பெயரைச் சொன்னேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"இவளக் கிட்ட விடாதீங்க. என்னக் கொல்ல வந்திருக்கா."

எல்லோருக்கும் கேட்டது. யாரோ என் கையிலிருந்து பாட்டிலை வாங்கிவிட்டார்கள். யார் என்று நான் பார்க்கவில்லை. கூட்டத்தில் யாரோ. ஆம்புலன்ஸ் வரும்வரை நான் ரோட்டோரத்தில் நின்றேன். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். மறுபடி பேசவே இல்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் நான் அவருக்கு என்ன செய்தேன் என்று ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். சண்டைகள் நினைவுக்கு வருகின்றன. ஒருமுறை கோபத்தில் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். ஒருமுறை அவர் அம்மாவைப் பற்றிக் கடுமையாகச் சொன்னேன். இதற்கெல்லாமா அந்தப் பார்வை?

பாட்டிலை யார் வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். சுற்றைக் குறைத்துக்கொண்டேன். பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர்.

பிலோக்கா கல்யாணப் புடவையோடு வீட்டுக்கு வந்தார். அளவு எடுத்தேன். டேப்பைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "இது இப்ப உள்ள அளவு. ரெண்டு இஞ்ச் கொறைச்சுத் தைச்சிடு. அதுக்குள்ள நான் வந்துடுவேன்" என்றார்.

"உள்ள துணி விட்டுத் தைக்கிறேன்க்கா. வேணும்னா பிரிச்சுக்கலாம்."

"பிரிக்கவே வேண்டாம். ஒரு நம்பிக்கையோட தையேன்டி."

அவர் போன பிறகு அத்தை கேட்டார். "யாரு அது?" ரொம்ப நாளைக்குப் பிறகு அவராக என்னிடம் கேட்ட கேள்வி. திடலில் பழக்கம் என்றேன். "சத்தமா சிரிக்கிறாங்க" என்றார். குறை சொன்னாரா என்று தெரியவில்லை.

மே 8, வியாழன்

பிலோக்காவோடு இன்று வாக்குவாதம். இப்போது சாயங்காலமும் நடக்கிறாராம். சாயங்காலம் என்றால் வெயில் தாழ்ந்த பிறகு இல்லை, நான்கு மணிக்கு. அதுவும் அந்தப் பிளாஸ்டிக் சட்டையோடு. அந்த நேரத்துக்குத் திடலின் மண் அடுப்புக்கல் மாதிரி இருக்கும்.

கடைசியில் அவரிடம் சொல்லிவிட்டேன். என் கணவர் எப்படி இறந்தார் என்பதை மட்டும். அவர் என்ன சொன்னார் என்பதைச் சொல்லவில்லை.

பிலோக்காவின் கண் கலங்கிவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டார். "ஓடுறது வேற வசு. நான் நடக்கத்தானே நடக்கிறேன்" என்றார்.

மே 16, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை.

நேற்று மதியம் பிலோக்கா போன் செய்தார். "பிளவுஸ் ரெடியா? நாலு மணிக்குத் திடலுக்குப் போறேன், அங்கேயே கொண்டாந்துடேன்." குரல் களைத்திருந்தது. காலையிலிருந்து தலைவலி என்றார். போகாதீங்கக்கா என்றேன். வைத்துவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தூரத்திலிருந்தே தெரிந்தது. சுற்றுப்பாதையின் ஓரத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் உட்கார்ந்துவிட்டார். அவரைக் கூட்டிப்போக ஸ்கூட்டியில் வந்த ஜாஸ்மின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடிவந்தாள். பந்து விளையாட வந்த இரண்டு மூன்று ஆண்கள் கூடினார்கள். நெற்றியில் கை வைத்தேன். தெரிந்த சூடு அது. கை தானாகப் பின்வாங்கியது.

"அம்மா, அம்மா" என்று ஜாஸ்மின் கன்னத்தைத் தட்டினாள். பிலோக்கா அவளைப் பார்த்தார்.

"யாரு நீ?"

"நான்தாம்மா. ஜாஸ்மின்."

"பொய் சொல்றா. இவளைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. எனக்கு விஷம் குடுக்கப் பாக்குறா." மகளின் முகத்தில் ஓங்கி ஓர் அடி. அந்தப் பெண் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் குனிந்து அந்தப் பிளாஸ்டிக் சட்டையின் ஜிப்பைப் பிடித்தேன். என் கையையும் கீறினார். "தொடாதடி!"

"அவங்கதான் வேண்டாங்கறாங்கல்ல மேடம். விடுங்க, ஆம்புலன்ஸ் வரட்டும்" என்று ஓர் ஆள் என் தோளைப் பிடித்து இழுத்தார்.

அந்த இடத்தில் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. நான் அப்படிக் கத்தி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "கையை எடுங்க! அவங்க பேச்சைக் கேக்காதீங்க. பேசறது அவங்க இல்ல. தூக்குங்க, அந்தப் புங்க மரத்துக்குக் கீழ தூக்குங்க!"

தூக்கினார்கள். திடலின் தோட்டக்காரர் செடிக்கு ஓஸ் பைப்பில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பிடுங்கிக்கொண்டு வந்தேன். சட்டையைக் கிழித்து எடுத்துவிட்டுத் தலையில், கழுத்தில், மார்பில், உடம்பு முழுக்க அடித்தேன். முதலில் குழாயில் கிடந்த சுடுதண்ணீர் வந்தது, அப்புறம் குளிர்ந்தது. கரும்புச்சாறு வண்டியிலிருந்து ஐஸைத் துணியில் கட்டிக் கொண்டுவந்தார்கள். அக்குளில், கழுத்தில் வைத்தேன். யாரோ வாயில் தண்ணீர் ஊற்றப் போனார்கள். நினைவு தடுமாறியவருக்குப் புரையேறிவிடும், வேண்டாம் என்று தடுத்தேன். என்னைக் குழந்தைத் திருடி என்றார், பேய் என்றார். நான் நனைத்துக்கொண்டே இருந்தேன். என்னை இழுத்த ஆளே துண்டால் விசிறினார்.

ஆம்புலன்ஸ் வந்தபோது திட்டுவது நின்று முனகலாகியிருந்தது. ஜாஸ்மின் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். போன வருஷம் நான் ரோட்டோரத்தில் அந்தப் பார்வையோடுதான் நின்றேன்.

ஈரப் புடவையோடு வீட்டுக்கு வந்தேன். அத்தை வாசலில் நின்றார். "மழையா?" என்று கேட்டார்.

மே 18, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிலோக்கா பிழைத்துவிட்டார். சிறுநீரகத்துக்கு மட்டும் கொஞ்சம் சிரமம், சரியாகிவிடும் என்கிறார்கள். கட்டிலில் பாதியாகக் கிடந்தார்.

"தண்ணியடிச்சு என் மானத்தை வாங்கிட்டியாமே" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு ஜாஸ்மினைக் காட்டினார். "இவ ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா? ரெண்டு நாளா என்கிட்ட சரியாப் பேசமாட்டேங்குறா."

ஜாஸ்மின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல."

"சொல்லு. நான் என்ன பண்ணினேன்?"

அந்தப் பெண் உடைந்துவிட்டாள். "நான் உனக்கு விஷம் வைக்கிறேன்னு சொன்னம்மா. நான் யாருன்னு கேட்ட. அத்தனை பேர் முன்னாடி என்னை அடிச்ச."

பிலோக்கா என்னைப் பார்த்தார். பொய் என்று நான் சொல்ல வேண்டும் என்பது போல. "நானா? என் புள்ளையவா?" அவர் உதடு துடித்தது. "எனக்குத் திடலுக்குள்ள போனது ஞாபகமிருக்கு. அப்புறம் இந்தக் கட்டில்தான். சத்தியமா அவ்வளவுதான். நடுவுல எதுவுமே இல்லடி."

ஊசி குத்தியிருந்த கையோடு மகளை இழுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். நான் வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தேன். நடுவுல எதுவுமே இல்ல. அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒருவர் எழுந்து போய் எனக்கு டீ வாங்கி வந்தார். என் வீட்டில் யாரோ இறந்துவிட்டதாக நினைத்திருப்பார். அவர் நினைத்தது சரிதான். என் கணவருக்காக நான் முதல்முறையாக இன்றுதான் அழுதேன்.

மே 19, திங்கள்

சர்க்கரை இறங்கியிருக்கிறது. டாக்டர் சந்தோஷப்பட்டார். நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் கணவர் சொன்ன அந்த வார்த்தைகள் உட்பட.

"இதை ஏன் ஒரு வருஷமா என்கிட்ட கேக்கல?" என்றார். "உடம்பு அந்த அளவுக்குக் கொதிச்சா மூளை முதல்ல தடுமாறும். ஆள் தெரியாது. கோவம் வரும், பயம் வரும். கிட்ட யார் நிக்கிறாங்களோ அவங்க மேலதான் பாயும். கிட்ட நிக்கிறது யாரு? கூட வாழ்ந்தவங்கதானே. அது உங்க வீட்டுக்காரர் பேசின பேச்சே இல்ல, வசுமதி. வெயில் பேசினது."

அத்தையிடம் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். உள்ளே நுழைந்தபோது அத்தை என் கணவர் படத்துக்கு முன்னால் இருந்த டம்ளரைக் கழுவி மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தார். சிந்திய தண்ணீரை முந்தானையால் ஒற்றினார்.

சொல்லவில்லை. காரணம் எழுத வேண்டியதில்லை.

மே 21, புதன்

விடியலில் ஐந்து சுற்று. புழுக்கம். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

மே 25, ஞாயிறு

பிலோக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த மகிழ்ச்சியில் ஜாஸ்மின் ஒரு டப்பா கல்கல் பலகாரம் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவள் குரல் கேட்டு வருவதற்குள் அத்தையிடம் பாதிக்கு மேல் சொல்லிவிட்டாள்.

"என்னையே யாருன்னு கேட்டாங்க பாட்டி. விஷம் வைக்கிறேன்னாங்க. இப்ப கேட்டா ஒண்ணுமே ஞாபகம் இல்லங்கறாங்க. வெயில் அப்படிப் பேச வைக்குமாம். ஆன்ட்டிதான் யார் சொன்னதையும் கேக்காம தண்ணி அடிச்சாங்க."

அத்தை அவளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி ஊத்தினதாலதான் பொழைச்சாங்களா?"

"ஆமா பாட்டி. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள சூட்டை எறக்கினதுதான் காப்பாத்திச்சுன்னு ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்க."

"ஜாஸ்மின், உள்ள வாம்மா, பிளவுஸ் போட்டுப் பாக்கணும்" என்றேன். பிளவுஸ் அவளுடையதே இல்லை. அவள் முழித்தாள். அத்தை எழுந்து தன் அறைக்குப் போனார். ராத்திரி கஞ்சி வைக்கவில்லை.

மே 26, திங்கள்

காலையிலும் அத்தை சாப்பிடவில்லை. கதவைத் தட்டினேன். தூங்குகிறேன் என்றார்.

மதியம் கரன்ட் போய்விட்டது. ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டிவிட்டு, மிதிக்கட்டையில் கால் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்தார். ஒரு வருஷமாக என் தையல் அறைக்குள் வராதவர், வெட்டுத்துணிகளை நகர்த்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அந்தப் பொண்ணு சொன்னது நெசமா?"

"ஆமா அத்தை."

"பெத்த பொண்ணையே யாருன்னு கேட்டிருக்காங்க."

"ஆமா."

"அப்ப என் புள்ள ரகு உன்னச் சொன்னது..."

"வெயில்தான் அத்தை. டாக்டரும் சொல்லிட்டாங்க."

தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். ஊரே என்னைப் பேசியபோது கிடைக்காத நியாயம் இப்போது என் எதிரில் உட்கார்ந்திருந்தது. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவர் அடுத்து எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். பத்து நாளாகவே தெரியும்.

"அன்னிக்கு அந்தப் பாட்டில..."

"ஒரு பாட்டில் தண்ணியில என்ன ஆயிருக்கும் அத்தை?" அவசரமாகச் சொன்னேன். "பிலோக்காவுக்கு ஓஸ் பைப்பு, ஐஸ், மரத்து நெழல், எல்லாம் வேண்டியிருந்துச்சு. அந்தத் தகரத்துக்குக் கீழ அரை லிட்டர் தண்ணியால ஒண்ணும் ஆயிருக்காது."

"நான் அதைக் கேக்கல."

"அங்க எவ்வளவு கூட்டம். யாரு வாங்கினாங்கன்னே எனக்கு ஞாபகம் இல்ல."

அத்தை தன் வலது கையை மெஷின் மேசையில், தைத்துக்கொண்டிருந்த துணிமேல், மல்லாக்க வைத்தார். ஏதோ பொருளைக் காட்டுவது போல.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். மெலிந்து, நரம்போடிக் கிடந்தது. ஒரு வருஷமாக இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழே இதைச் சொல்லாமல்தான் இருந்திருக்கிறோம். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தார், சத்தமே இல்லாமல், அத்தனை நாளைய அழுகையை. மகன் என்ன சொன்னானோ அதை நம்பிய தாய். வேறு யாரை நம்பியிருப்பார்?

அந்தக் கையை நான் பிடிக்கவில்லை. முடியவில்லை. எழுந்தும் போகவில்லை. கரன்ட் வரும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் ரசம் சாதம் கரைத்துக் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார். பாதி சாப்பிட்டார்.

மே 27, செவ்வாய்

கிளம்பும்போது இன்னும் இருட்டு விலகவில்லை. அத்தை எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தூங்கிய மாதிரி தெரியவில்லை. நான் கதவைத் திறந்ததும் எழுந்து வந்தார். கையில் ஒரு பாட்டில் தண்ணீர்.

"தண்ணி எடுத்துக்கிட்டியா?"

என் பையில் ஏற்கெனவே ஒன்று நிறைந்திருந்தது.

"இல்ல அத்தை. குடுங்க" என்றேன்.